இல்லக் கணினிக்கு ஏற்ற மென்பொருள்

ரிங்லெட் தேயிலைத் தோட்டமாயினும் ரப்பர்த் தோட்டமாயினும், பிள்ளைகளின் கல்விக்கென வாங்கிய கணினியைப் பேணுவது பெற்றோர் கடமை. அதனை இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. கணினி தொடர்ந்து இயங்கும். ஆயினும் புதிய பாதுகாப்புக் குறைகள் சீர்செய்யப்படாவிடின், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் களவு போகலாம்.

விண்டோஸ் 11க்கு மாற விழைவோர் 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி ஆகியன உளவா என முதலில் அறிதல் வேண்டும். மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலி இதனை இலவசமாகச் சோதித்துக் கூறும். பொருந்தாத பழைய கணினியில் இலவச லினக்ஸை நிறுவலாம்.

எதனை மாற்றினும், பிள்ளைகளின் பாடக் கோப்புகளை முன்னதாகப் பென்டிரைவில் படியெடுத்து வையுங்கள். திருட்டு மென்பொருளைத் தவிர்த்து, உருவாக்கியோரிடமிருந்தே பெறுங்கள்.