அஞ்சல் பையும் தகவல் பொட்டலமும்

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போடுகிறீர்கள். அது சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகருக்குப் போய்ச் சேர வேண்டும். கடிதங்களைப் பிரிக்கும் ஊழியருக்கு அண்ணாமலை நகரின் தெருக்கள் தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. எந்தப் பையில் போடுவது என்று தெரிந்தால் போதும்.

1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண் இதற்கு உதவுகிறது. அண்ணாமலை நகரின் எண் 608002. ஊழியர் முன் மூன்று பைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் ‘608002’ என்றும், அடுத்ததில் ‘608’ என்றும், கடைசியில் ‘மற்றவை’ என்றும் எழுதியிருக்கிறது. நம் கடிதத்தை மூன்றிலுமே போடலாம். ஆனால் அவர் முதல் பையில்தான் போடுவார். அதில்தான் மிகுதியான இலக்கங்கள் பொருந்துகின்றன.

இணையத்தில் செல்லும் தகவல் பொட்டலங்களுக்கும் இதுவே விதி. வழியிலுள்ள எந்த ரவுட்டருக்கும் முழுப் பாதையும் தெரியாது. அடுத்து யாரிடம் கொடுப்பது என்பது மட்டுமே தெரியும்.

அட்டவணையைப் பார்ப்போம்

லினக்ஸ் கணிப்பொறி உங்களிடம் இருந்தால் இதை நேரில் காணலாம். கட்டளைத் திரையில் ‘ஐபி ரூட் ஷோ’ என்னும் சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சுச் செய்யுங்கள். வழி அட்டவணை தோன்றும். வீட்டிலுள்ள கணிப்பொறியில் பெரும்பாலும் இரண்டொரு வரிகளே இருக்கும்.

ஒரு வரியில் 192.168.1.0/24 என்பது போன்ற எண் இருக்கும். முகவரி என்பது 32 இரும இலக்கங்கள் கொண்டது. அவற்றுள் முதல் 24 பொருந்தினால் அந்த வரி செல்லும் என்பது பொருள். அதாவது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் உள்ளூர்; நேரே அனுப்பலாம். ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரியே நமது ‘மற்றவை’ பை.

நீங்களே வழி சொல்லுங்கள்

ஒரு பள்ளியில் இரண்டு கணிப்பொறிக் கூடங்கள். முதற்கூடத்தின் முகவரிகள் 192.168.1 என்றும், இரண்டாவதன் முகவரிகள் 192.168.2 என்றும் தொடங்குகின்றன. இரண்டையும் இணைக்கும் கணிப்பொறிக்கு முதற்கூடத்துப் பக்கம் 192.168.1.2 என்பது முகவரி. முதற்கூடத்துக் கணிப்பொறி ஒன்றில், நிர்வாகி உரிமையுடன், ‘ஐபி ரூட் ஆட் 192.168.2.0/24 வையா 192.168.1.2’ என்று கட்டளையிடுங்கள். ‘ஐபி ரூட் கெட் 192.168.2.5’ என்று கேட்டால், அந்தப் பொட்டலம் எவ்வழி போகும் என்று லினக்ஸே சொல்லிவிடும்.

இருந்தும் பதில் வரவில்லையா? இரண்டைச் சரிபாருங்கள். இடையிலுள்ள கணிப்பொறிக்குப் பிறர் பொட்டலங்களைக் கடத்திவிட அனுமதி தந்தீர்களா? இரண்டாம் கூடத்துக்குத் திரும்பும் வழியைச் சொன்னீர்களா? போகும் வழியைச் சொல்லித் திரும்பும் வழியை மறப்பது, கற்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

தவறினாலும் அஞ்ச வேண்டாம். இக்கட்டளையால் சேர்த்த வழி கணிப்பொறியை அணைத்துப் போட்டால் மறைந்துவிடும். ஆனால் தொலைவிலுள்ள கணிப்பொறியில் ‘டிஃபால்ட்’ வரியை அழித்துவிடாதீர்கள். ஏறிய ஏணியை நாமே தள்ளிவிட்ட கதையாகிவிடும்!

ஒரு வரியின் வலிமை

2008ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் உலகின் பல பகுதிகளில் யூடியூப் தளம் சுமார் இரண்டு மணி நேரம் கிடைக்காமல் போயிற்று. தன் நாட்டில் மட்டும் அத்தளத்தைத் தடுக்கப் பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் ஏற்படுத்திய ஒரு வழி, வெளிநாட்டு ரவுட்டர்களுக்கும் பரவிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்த வழியில் 22 இலக்கங்கள். பாகிஸ்தானின் வழியில் 24. மிகுதியாகப் பொருந்துவதே வெல்லும் அல்லவா? பொட்டலங்கள் பாகிஸ்தானை நோக்கி ஓடின.

ரவுட்டர்கள் பழுதாகவில்லை. விதிப்படியேதான் நடந்தன. அட்டவணையில் எழுதியது பொய்யா மெய்யா என்று அவை ஆராயவில்லை. எண்கள் பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்த்தன.

ஆகவே, வழி எழுதுகிறவரின் கவனமே இங்கே பெரிது. ‘ஆட்’ என்று கட்டளையிட்ட உடனே ‘கெட்’ என்று கேட்டுச் சரிபார்க்கப் பழகுங்கள். நாளை ஒரு பெரிய வலையமைப்பைக் காக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வரும்போது, இந்தப் பழக்கம் துணைநிற்கும்.