அரியலூர் தடத்துச் சரக்கு ரயில் பெட்டிகள்: ஆய்வும் மாதிரி செய்தலும்

ஒரு காலத்தில் ஓடிய சரக்கு ரயில் பெட்டிகளை, அதாவது வேகன்களை, ஆராய்ந்து அவற்றை அளவு பிசகாமல் சிறிய மாதிரிகளாகச் செய்வது ரயில் மாதிரிக் கலையின் ஒரு பிரிவு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது நன்கு வளர்ந்த துறை. அமெரிக்காவில் எந்த ரயில் நிறுவனத்திடம் எந்த எண்ணில் என்ன வகைப் பெட்டி இருந்தது என்று பட்டியலிடும் பதிவேடு 1880களிலிருந்து தொடர்ந்து அச்சாகி வந்தது. அதைப் புரட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். தமிழ்நாட்டில் அப்படி எளிதாகக் கையில் கிடைக்கும் நூல் இல்லை. எஞ்சினுக்கு ரசிகர்கள் உண்டு, பெயர் உண்டு, ஆயுத பூஜைக்கு மாலையும் உண்டு. வேகனுக்கு எண் மட்டும்தான். ஆயுள் முடிந்ததும் அது பழைய இரும்பாக ஏலத்துக்குப் போய்விடும்.

அரியலூர் வழியாகச் செல்லும் விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் இந்த ஆய்வுக்கு ஏற்ற தடம். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் சார்ந்த வட்டாரம் என்பதால் சரக்கு வண்டிக்கு இங்கு என்றும் வேலை இருந்தது. ஒரே தடத்தில் மீட்டர் கேஜ் காலம், பிராட் கேஜ் காலம் என இரண்டு தெளிவான கட்டங்களும் உள்ளன. முதல் கட்டத்துப் பெட்டிகளில் அநேகமாக எதுவும் இன்று தடத்தில் இல்லை.

தடத்தின் பின்னணி

சென்னையிலிருந்து திருச்சிக்கு மாயவரம், தஞ்சாவூர் வழியாகச் செல்லும் பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போடப்பட்டது. அந்தச் சுற்றைக் குறைக்க விருத்தாசலம், அரியலூர் வழியாகச் சௌத் இந்தியன் ரயில்வே போட்ட குறுக்குப் பாதைதான் கார்டு லைன். 1920களின் பிற்பகுதியில் மீட்டர் கேஜில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை திருச்சி பொன்மலைக்கு மாறியது. 1939இல் அரியலூருக்குத் தெற்கே கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. 1979இல் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை அரியலூரிலேயே தொடங்கியது. தனியார் ஆலைகளும் அடுத்தடுத்து வந்தன. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாதை பிராட் கேஜாக மாற்றப்பட்டது. இன்று அது மின்மயமான இரட்டைப் பாதை.

வெளியுலகில் அரியலூர் ரயில் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததும், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும்தான். அது பயணிகள் வண்டி. ஆனால் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. ரயில் விபத்துகளின் விசாரணை அறிக்கைகளில் அன்றைய வண்டியில் என்ன என்ன பெட்டிகள் எந்த வரிசையில் இருந்தன என்பது குறிக்கப்படுவது வழக்கம். சரக்கு வண்டி தடம் புரண்டால் எழுதப்படும் அறிக்கையும் அப்படியே. அன்றாட வண்டியின் அமைப்பை யாரும் எழுதி வைப்பதில்லை. விபத்து நடந்த நாளில் மட்டும் எழுதுகிறார்கள்.

முதலில் ஆண்டு

இத்துறையில் புதிதாக இறங்குபவர் பெரும்பாலும் பெட்டியிலிருந்து தொடங்குகிறார். ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்த நிலையம், எந்த ஆண்டு என்று முடிவு செய்துவிட்டால், எவை அங்கே நின்றிருக்கலாம், எவை நின்றிருக்கவே முடியாது என்பது தானாக விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பாக்ஸ்என் என்ற உயரமான திறந்த பெட்டி 1980களின் தொடக்கத்தில் வந்தது. நிலக்கரி ஏற்றிச் செல்லும் அந்தப் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்போம். ‘1985 அரியலூர்’ என்று எழுதிய மாதிரித் தளத்தில் அதை நிறுத்தினால் ஆண்டளவில் சரிதானே என்று தோன்றும். ஆனால் அது பிராட் கேஜ் பெட்டி. அப்போது அரியலூரில் இருந்தது மீட்டர் கேஜ். இதேபோல, மீட்டர் கேஜ் மின்சார எஞ்சினான ஒய்ஏஎம்-1 சென்னையிலிருந்து விழுப்புரம் வரைதான் ஓடியது. அதற்குத் தெற்கே கார்டு லைனில் நீராவி எஞ்சின்களும், பிறகு ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின்களுமே சரக்கு வண்டியை இழுத்தன. மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும், தடத்தை அறிந்தவர் கண்ணில் இத்தகைய பிழைதான் முதலில் படும்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. தெற்கு ரயில்வே தடம் என்பதற்காக எல்லாப் பெட்டியிலும் தெற்கு ரயில்வே எழுத்தையே போடுவது. சரக்குப் பெட்டி எந்த ரயில்வேயின் சொத்தாக இருந்தாலும் சரக்கோடு நாடு முழுக்கச் சுற்றும். தெற்கத்திய மீட்டர் கேஜ் பாதைகள் வடக்கத்தியவற்றோடு இணைந்திருந்த காலத்தில் வெளி ரயில்வேக்களின் பெட்டிகளும் இங்கே வர வழி இருந்தது. பத்துப் பெட்டி செய்தால் இரண்டு மூன்றாவது வெளியூர்ப் பெட்டியாக இருப்பது இயல்பு.

சான்றுகள் எங்கே

வரைபடமே முதல் சான்று. இந்திய ரயில்வேயின் தர வடிவங்களை வகுக்க 1930இல் மத்திய தர அலுவலகம் அமைந்தது. 1957இல் அதுவும் ஆய்வு மையமும் சேர்ந்து லக்னோவில் ஆர்டிஎஸ்ஓ நிறுவனம் ஆயின. பெட்டி வகை ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம், வெற்று எடை, ஏற்றும் எடை ஆகியவற்றைத் தரும் ஒரு பக்கப் படங்கள் உண்டு. மாதிரி செய்பவருக்கு அடிப்படை அதுவே. ஆனால் அந்தப் படம் பெட்டி பிறந்த நாளின் நிலையைக் காட்டுகிறது. முப்பது ஆண்டு ஓடிய பிறகு கதவை மாற்றியிருப்பார்கள், தகட்டில் ஒட்டுப் போட்டிருப்பார்கள், பிரேக் அமைப்பும் மாறியிருக்கும்.

தரப்படுத்தலுக்கு முந்தைய பெட்டிகளுக்கு இங்கிலாந்துப் பக்கம் போக வேண்டும். குளோஸ்டர் நகரத்துப் பெட்டித் தொழிற்சாலை போன்றவை இந்திய ரயில்வேக்களுக்குப் பெட்டி செய்து அனுப்பின. கப்பலேற்றும் முன் பக்கவாட்டில் நிறுத்திப் படமெடுத்து வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் படங்களில் பல அங்குள்ள ஆவணக் காப்பகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா அலுவலகப் பதிவுகளும் பயன்படும்.

ஒளிப்படம்தான் பெரிய குறை. ரயில் நிலையத்தில் படமெடுக்க நெடுங்காலம் அனுமதி பெற வேண்டியிருந்தது. ஃபிலிம் விலையும் குறைவல்ல. படச்சுருளைச் செலவழித்தவர்கள் எஞ்சினுக்குச் செலவழித்தார்கள். அதனால் வேகனைத் தேடுபவர் வேகனுக்காக எடுக்காத படங்களைப் பார்க்க வேண்டும். வழியனுப்பும் குடும்பப் படத்தின் பின்னால் லூப் லைனில் நிற்கும் மூடு பெட்டி, பணி ஓய்வு நாளில் மாலையோடு நிற்கும் கார்டுக்குப் பின்னால் தெரியும் பிரேக் வேன், பழைய திரைப்படங்களின் ரயில் காட்சிகள் எல்லாம் சான்றுகளே. படத்தின் காலத்தைக் கண்டுபிடிக்க நிலையப் பெயர்ப் பலகைகூட உதவும். டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து 1953இல் நடந்த கல்லக்குடிப் போராட்டம் தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் இடம்பெற்றது. அந்த நிலையத்துப் படம் கிடைத்தால், பலகையில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதே ஒரு காலக் குறிப்பு.

படத்திலிருந்து அளவெடுக்கத் தெரிந்த ஓர் அளவு வேண்டும். மீட்டர் கேஜ் சரக்குப் பெட்டியின் சக்கர விட்டம் சுமார் 725 மி.மீ. படத்தில் சக்கரத்தை அளந்து, அதே விகிதத்தில் கதவையும் சுவரையும் கணக்கிடலாம். தேய்ந்த சக்கரம் கணக்கைக் கெடுக்கும் என்பதால் இன்னொரு தெரிந்த அளவோடும் ஒத்துப் பார்ப்பது நல்லது. மீட்டர் கேஜ் எவ்வளவு சிறியது என்று கண்ணால் பார்க்க விரும்புவோர் மேட்டுப்பாளையம் போகலாம். நீலகிரி மலை ரயில் இன்றும் அதே 1000 மி.மீ. பாதையில்தான் ஓடுகிறது. திருச்சியில் 2014இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்.

பெட்டியே பேசும்

சரக்குப் பெட்டியின் உடம்பில் அதன் வரலாறு வெள்ளை எழுத்தில் இருக்கிறது. உரிமை ரயில்வே, எண், வகைக் குறியீடு, வெற்று எடை, ஏற்றும் எடை, கடைசியாகப் பெரிய பழுதுபார்ப்பு நடந்த பணிமனையும் தேதியும், அடுத்து எப்போது பணிமனைக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அதில் அடங்கும். மீட்டர் கேஜ் பெட்டியின் குறியீடு எம் எழுத்தில் தொடங்கும். எது எங்கே எழுதப்பட வேண்டும் என்பதற்கு இந்திய ரயில்வே மாநாட்டுச் சங்கத்தின் விதிநூல் மூன்றாம் பாகம் வழிகாட்டி.

இன்றைய பெட்டிகளில் பதினோரு இலக்க எண் உள்ளது. முதல் இரண்டு இலக்கம் வகை. 10 முதல் 29 வரை திறந்த பெட்டி, 30 முதல் 39 வரை மூடு பெட்டி. அடுத்த இரண்டு உரிமை ரயில்வே. தெற்கு ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு. பிறகு நான்கு இலக்க வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. 12060704187 என்று ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் பத்தில் இரட்டை இடங்களில் உள்ளவை 2, 6, 7, 4, 8. கூட்டினால் 27, மும்மடங்கு 81. ஒற்றை இடங்களின் கூட்டல் 2. மொத்தம் 83. அடுத்த பத்தின் மடங்கான 90ஐ எட்ட 7 வேண்டும். அதுவே கடைசி இலக்கம். மங்கிய படத்தில் ஓர் இலக்கம் மட்டும் தெரியவில்லை என்றால் இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டு அதைக் கண்டுபிடித்துவிடலாம். மாதிரிக்கு எண் எழுதும்போதும் இதன்படியே எழுத வேண்டும்.

எழுத்து அழிந்த பெட்டியானால் பிரேக் குழாயையும் இணைப்பையும் பார்க்கலாம். வேக்குவம் குழாய் என்றால் பழையது. பாக்ஸ்என் தலைமுறையிலிருந்து ஏர் பிரேக். பழைய பிராட் கேஜ் பெட்டிக்கு இரு ஓரத்திலும் பஃபர் இருக்கும்; மீட்டர் கேஜ் பெட்டிக்கு நடுவில் ஒன்றே ஒன்று.

அளவும் கேஜும்

உலகில் அதிகம் புழங்கும் மாதிரி அளவு ஹெச்ஓ, அதாவது 87இல் ஒரு பங்கு. பாக்ஸ்என் பெட்டியின் நீளம் இணைப்போடு சேர்த்து 10.713 மீட்டர், மாதிரியில் 123 மி.மீ. உயரம் 3.225 மீட்டர், மாதிரியில் 37 மி.மீ. போகி மையங்களின் இடைவெளி 6.524 மீட்டர், அது 75 மி.மீ. ஆகும். ஒரு மீட்டர் விட்டச் சக்கரம் 11.5 மி.மீ. ஆகிறது. இதற்கு ஐரோப்பிய மாதிரிகளின் 11 மி.மீ. சக்கரம் பொருந்தும். அமெரிக்கச் சக்கரம் சிறியது.

சிக்கல் தண்டவாளத்தில் வருகிறது. கடையில் கிடைக்கும் ஹெச்ஓ பாதையின் அகலம் 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. பாதைக்கு உரியது. நம் பிராட் கேஜ் 1676 மி.மீ. என்பதால் 19.3 மி.மீ. வேண்டும். பெரும்பாலோர் இந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு 16.5இலேயே ஓட்டுகிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. முன்னிருந்து பார்த்தால் பெட்டி ஒல்லிக் காலில் நிற்பது போலிருக்கும். மீட்டர் கேஜ் செய்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. 11.5 மி.மீ. தேவைப்படும் இடத்தில் 12 மி.மீ. பாதை ஆயத்தமாகக் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் பல மீட்டர் கேஜ் என்பதால் அவற்றுக்காகச் செய்த பாதையும் சக்கரமும் நமக்கு உதவுகின்றன. கைக்கு எட்டாததாகத் தோன்றும் பழைய அரியலூரைத்தான் சரியான அளவில் செய்வது எளிது.

முழு ரேக் செய்ய யாரும் ஆசைப்பட வேண்டாம். 58 பாக்ஸ்என் பெட்டி ஹெச்ஓ அளவிலேயே ஏழு மீட்டரைத் தாண்டும். பத்துப் பெட்டியும் ஒரு பிரேக் வேனும் போதும்.

செய்முறையும் சிமெண்ட் தூசியும்

சுவருக்கும் கூரைக்கும் பிளாஸ்டிக் தகடு, விலாக் கம்பிகளுக்கு அதே பொருளின் மெல்லிய பட்டைகள் என்பது பழைய முறை. இப்போது முப்பரிமாண அச்சு வந்துவிட்டது. ஒரே வகைப் பெட்டி பல வேண்டுமென்றால் அதுவே வசதி. ஒன்றிரண்டுதான் வேண்டுமென்றால் தகட்டில் வெட்டுவதே விரைவு. காலிப் பெட்டி எடை இல்லாமல் தடம் புரளும். மூடு பெட்டிக்குள் ஈயக் குண்டு வைத்துவிடலாம். திறந்த பெட்டிக்கு அடித்தளத்தின் கீழேதான் ஒளிக்க வேண்டும்.

அடிப்படை நிறம் செங்காவி. அதன் மேல்தான் ஊரின் அடையாளம் ஏறுகிறது. அரியலூர் பக்கம் சிமெண்ட் ஏற்றும் பெட்டியில் தூசி கதவைச் சுற்றியும் கூரை விளிம்பிலும்தான் அதிகம் படியும். மழையில் நனைந்து இறுகிய சிமெண்ட் உதிராது. வெளிறிய சாம்பல் கோடாகச் சுவரில் வழிந்து நிற்கும். வண்ணப் பொடியைத் தூவி விட்டால் அது வெறும் புழுதியாகத்தான் தெரியும். நீர்த்த சாம்பல் வண்ணத்தை மேலிருந்து கீழாக இழுத்துக் காயவிட வேண்டும். நிலக்கரிப் பெட்டியில் கருமை உள்பக்கம்.

பெரம்பலூரின் பங்கு

பெரம்பலூர் நகருக்கு ரயில் இல்லை. பெரம்பலூர் மாவட்டம் திருச்சியிலிருந்து 1995இல் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடி தனியானது. இத்தனை மாற்றத்திலும் பெரம்பலூர்க்காரருக்கு அரியலூர் பக்கத்து ரயில் நிலையமாகவே இருந்து வருகிறது. ஆகவே அரியலூர் கூட்ஸ் ஷெட்டின் மாதிரியில் தண்டவாளத்துக்கு மறுபக்கமும் முக்கியம். மாட்டுவண்டியா லாரியா, மூட்டையில் என்ன சரக்கு, இறக்கும் மேடை எவ்வளவு உயரம் என்ற கேள்விகளுக்கு எந்த வரைபடத்திலும் விடை இல்லை.

விடை தெரிந்தவர்கள் ஆட்களே. கூட்ஸ் கிளார்க், பெட்டிகளைத் தட்டிப் பார்க்கும் டிஎக்ஸ்ஆர், கலாசி, மூட்டை தூக்கியவர், லாரி ஓட்டியவர். மீட்டர் கேஜ் போய்க் கால் நூற்றாண்டு ஆகிறது. அன்று ஐம்பது வயதில் பணியில் இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்து. அவர்களிடம் “பெட்டி எப்படி இருந்தது” என்று கேட்டால் “எல்லாப் பெட்டியும் போலத்தான்” என்பார்கள். கதவு தள்ளுவதா, திறப்பதா? தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? பெட்டித் தளம் மேடைக்குச் சமமா, பலகை போட்டு ஏறினீர்களா? உள்ளே நிமிர்ந்து நிற்க முடியுமா? மழையில் எந்த மூலை ஒழுகும்? இப்படிக் கேட்டால் கை தானாக எழுந்து தாழ்ப்பாளின் உயரத்தைக் காட்டும். அந்த உயரத்தை அங்கேயே டேப் வைத்து அளந்து, பேசியவரின் உயரத்தோடும் தேதியோடும் குறித்துக்கொள்வது வழக்கமாக இருக்க வேண்டும்.