மோடத்துக்குப் புரியும் மொழி

இன்று கைப்பேசியில் ஒரு கோப்பை அனுப்ப ஒரு நொடி போதும். 1990களின் நடுவில், ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் அச்சகத்துக்குத் தீபாவளி மலரின் பக்கங்களை அனுப்ப, எங்களிடம் இருந்தது தொலைபேசி லைனும் ஒரு மோடமும்தான்.

மோடம் சொன்னதைச் செய்யும். ஆனால் அதன் மொழியில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த கட்டளைகள் அவை. ஏறக்குறைய எல்லாம் 'ஏடி' என்றே தொடங்கும். 'கவனி' என்று பொருள். 'ஏடிடிடி' என்று தட்டி எண்ணைச் சேர்த்தால் டயல் செய்யும். 'ஏடிஎச்' லைனைத் துண்டிக்கும். அச்சகத்து மோடத்தில் 'ஏடிஎஸ்0=1' என்று கொடுத்துவைத்தால், முதல் மணியிலேயே தானாக எடுக்கும்.

விநாடிக்கு 14,400 பிட் வேகத்தில் 1 மெகாபைட் போய்ச்சேர ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். வெளியூர் அழைப்பு என்பதால் ஒவ்வொரு நிமிடமும் காசு. ஒன்பதாம் நிமிடத்தில் லைன் அறுந்தால்? பழைய எக்ஸ்மோடம் முறை 128 பைட் துண்டுகளாகச் சரிபார்த்து அனுப்பும். அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து. 1986இல் சக் ஃபோர்ஸ்பெர்க் உருவாக்கிய இசட்மோடமோ விட்ட இடத்திலிருந்து தொடரும். அன்றிரவு இரண்டு முறை லைன் போயும், காலையில் மலர் அச்சேறியது அதனால்தான்.

கோப்பு போனால் மட்டும் போதாது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டெழுதிய பக்கத்துக்கு, அங்கேயும் அதே எழுத்துரு வேண்டும். இல்லையென்றால் திரையில் தமிழ் இருக்காது, கிறுக்கல்தான் இருக்கும்.

பாதியில் நின்ற பதிவிறக்கம் உங்கள் கைப்பேசியில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதல்லவா? அதுவும் இதே யோசனைதான். பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்.