எதிர்மறை முன்னொட்டுகளைக் கற்பித்தல்

எதிர்மறை முன்னொட்டு என்பது ஒரு சொல்லின் முன்னால் சேர்ந்து, அதன் பொருளை மறுக்கும் அல்லது எதிரான பொருளுக்கு மாற்றும் உறுப்பு ஆகும். நீதி – அநீதி, சைவம் – அசைவம், மரியாதை – அவமரியாதை என்பன எடுத்துக்காட்டுகள். உயர் தொடக்கநிலையில் (6 முதல் 8 வரையுள்ள வகுப்புகள்) இவை பெரும்பாலும் ‘எதிர்ச்சொல் தருக’ என்னும் வினாவுக்காக இணை இணையாக மனப்பாடம் செய்யப்படுகின்றன. மனப்பாடம் மதிப்பெண் பெற்றுத் தரலாம். ஆனால் படிக்காத ஒரு சொல் வரும்போது உதவாது. ‘அவர் நிரபராதி’ என்ற செய்தியில் ‘அபராதி’ என்ற பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் மாணவர், குற்றமற்றவரைக் குற்றவாளி எனப் புரிந்துகொள்வார்.

தமிழில் எதிர்மறை அமையும் இடம்

தமிழில் எதிர்மறை இயல்பாகச் சொல்லின் பின்பகுதியில் வரும். செய்த – செய்யாத, அறிவேன் – அறியேன் என்பவற்றில் பகுதி முன்னும் மறுப்பு பின்னும் நிற்கின்றன. திருக்குறளின் கள்ளாமை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை ஆகிய அதிகாரப் பெயர்களும் அவ்வாறே அமைந்தவை.

முன்னால் வரும் மறுப்பு தமிழில் அரிது. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மாணவர் முன்பே அறிந்த ‘அஃறிணை’ ஆகும். அல் + திணை = அஃறிணை; அதாவது உயர்திணை அல்லாத திணை. தெரிந்த இச்சொல்லிலிருந்து பாடத்தைத் தொடங்குவது எளிது.

வழக்கில் உள்ள மற்ற எதிர்மறை முன்னொட்டுகள் வடமொழியிலிருந்து வந்தவை.

முதன்மையான முன்னொட்டுகள்

- அ-: அநீதி, அநியாயம், அசுத்தம், அசைவம், அஞ்ஞானம், அசாதாரணம்.
- அந்-: உயிரெழுத்தில் தொடங்கும் வடசொல்லின் முன் ‘அ’ இவ்வாறு மாறும். அந் + ஆதி = அநாதி (தொடக்கம் இல்லாதது); அந் + ஏகம் = அநேகம்.
- நிர்-: நிரபராதி, நிராயுதபாணி, நிர்மலம். ‘இல்லாத’ என்னும் பொருள் தரும்.
- அவ-: அவமரியாதை, அவநம்பிக்கை, அவப்பெயர். மறுப்பைவிடத் தாழ்வு அல்லது கேடு என்னும் பொருளே இதில் மிகுதி.
- துர்-: துர்நாற்றம், துர்ப்பாக்கியம். ‘தீய’ என்னும் பொருள் தரும்.

அநாதி, அநாதை ஆகிய இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் பிரியும் முறை வேறு. முன்னது அந் + ஆதி; பின்னது ‘நாதன்’ (காப்பவன்) என்பதோடு ‘அ’ சேர்ந்து வந்தது. இவ்விரு சொற்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் பிரித்துக் காட்டினால் விதி மனத்தில் பதியும்.

மூன்று சோதனைகள்

‘அ’வில் தொடங்கும் எல்லாச் சொற்களும் எதிர்மறை அல்ல. மாணவர் தாமே கண்டறிய மூன்று படிகள் உதவும்.

1. நீக்கிப் பார்த்தல்: முன்னொட்டை நீக்கினால் மிஞ்சுவது ஒரு சொல்லா? ‘அழகு’ என்பதில் ‘அ’ நீங்கினால் ‘ழகு’ மிஞ்சும். அது சொல் அன்று.
2. பொருளை ஒப்பிடுதல்: அகல் – கல், அவரை – வரை ஆகியவை முதல் சோதனையில் தேறிவிடும். ஆனால் இவற்றின் பொருள்களுக்குள் தொடர்பே இல்லை. எனவே இவை எதிர்மறை அல்ல.
3. விரித்துச் சொல்லுதல்: ‘இல்லாத’, ‘அல்லாத’, ‘அற்ற’ ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்து விரிக்க முடிகிறதா? அசைவம் என்பது சைவம் அல்லாதது; நிராயுதபாணி ஆயுதம் இல்லாதவர்.

விலகி நிற்கும் சொற்கள்

சில சொற்கள் விதிப்படி அமைந்தும் பொருளில் நகர்ந்துவிட்டன. அநேகம் என்பதன் நேர்ப்பொருள் ‘ஒன்று அல்லாதது’, வழக்கில் ‘பல’. அபூர்வம் என்பது ‘முன்பு இல்லாதது’, வழக்கில் ‘அரியது’. அனர்த்தம் என்பதன் சொற்பொருள் ‘பொருளற்றது’. ஆனால் இலங்கைத் தமிழில் பேரிடரைக் குறிக்க அரசு வழக்கிலும் பயன்படுகிறது. அவசரம், அவகாசம், நிர்வாகம், நிர்ணயம் ஆகியவற்றின் தொடக்கம் முன்னொட்டுப் போன்றிருந்தாலும் அவற்றில் மறுப்புப் பொருள் இல்லை.

பிழைகளை அணுகும் முறை

இப்பாடம் நடக்கும்போது ‘அஉண்மை’, ‘அநல்லவன்’ போன்ற சொற்களை மாணவர் உருவாக்குவதுண்டு. இது கவனக்குறைவு அன்று. விதியைப் புரிந்துகொண்டு எல்லை தெரியாமல் பயன்படுத்தியதன் விளைவு. சிவப்பு மையால் அடித்துவிட்டால் அம்மாணவர் அடுத்த முறை முயலமாட்டார். இம்முன்னொட்டுகள் பெரும்பாலும் வடசொற்களோடு மட்டுமே சேரும் என்றும், தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் மறுப்பைச் சேர்க்க வேண்டும் என்றும் விளக்கினால் ‘உண்மையல்லாத’, ‘நல்லவனல்லாத’ என அவரே திருத்திக்கொள்வார். அவநம்பிக்கை, அவப்பெயர் போன்றவை இதற்கு விலக்காகத் தமிழ்ச் சொற்களோடு சேர்ந்தவை.

வகுப்பறைச் செயல்பாடுகள்

- முன்னொட்டுகளை ஒரு நிற அட்டையிலும் சொற்களை வேறு நிற அட்டையிலும் எழுதி, இணை சேர்க்கச் செய்தல்.
- நாளிதழின் ஒரு பக்கத்தில் அ-, அவ-, நிர்- ஆகியவற்றில் தொடங்கும் சொற்களை வட்டமிட்டு, மூன்று சோதனைகளையும் செய்து பார்த்தல்.
- முன்னொட்டுச் சொற்களைத் தமிழ் முறையில் மாற்றி எழுதுதல்: அசுத்தம் – தூய்மையின்மை, நிரபராதி – குற்றமற்றவர், அநீதி – முறைகேடு.

ஆங்கிலப் பாடத்துடன் தொடர்பு

இதே வகுப்புகளில் ஆங்கிலத்தின் ‘அன்’, ‘இன்’, ‘டிஸ்’ முன்னொட்டுகளும் கற்பிக்கப்படுகின்றன. வடமொழி ‘அ-/அந்-’, கிரேக்க ‘அ-/அன்-’, ஆங்கில ‘அன்-’ ஆகியவை இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் ‘இன்’ என்பது அடுத்த ஒலிக்கேற்ப ‘இம்பாசிபிள்’, ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’ என மாறுகிறது. அல் + திணை அஃறிணை ஆவதைக் கற்ற மாணவருக்கு இம்மாற்றம் புதிதாகத் தோன்றாது. ஒரு மொழியில் பெற்ற புரிதல் மற்றொரு மொழியைக் கற்கவும் துணைசெய்கிறது.