முழுப் பாட்டையும் கேட்கிறவர்கள்

நாம் தினமும் கேட்கிற பாட்டில் பாதிப் பேர் காணாமல் போயிருக்கிறார்கள். கைப்பேசியின் அடியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் பாடகரின் குரல் வருகிறது, மெட்டு வருகிறது, ஜால்ராகூட வருகிறது. பேஸ் கிட்டார் வாசித்தவர் வரவில்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை அழுத்தி எழுப்பிய கும்கி வரவில்லை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. கைப்பேசி ஸ்பீக்கரோ சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஒரு வாத்தியக்காரர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாசித்தது நம் காதுக்கு வந்து சேராமலேயே போகிறது.

அவரைத் தேடிப் பிடித்து வீட்டு ஹாலுக்குக் கூட்டிவருவதையே பெரிய சந்தோஷமாக வைத்திருக்கிற ஒரு கூட்டம் நம் ஊரில் உண்டு. ஹைஃபை ஸ்பீக்கர் ஆர்வலர்கள். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், லேத் பட்டறை வைத்திருப்பவர், ஐ.டி. கம்பெனி இளைஞர் என்று எல்லா வேலையிலும் இருக்கிறார்கள். இவர்கள் பணத்தைக் கொட்டுகிறவர்கள் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும், இவர்கள் அதிகம் செலவழிப்பது நேரத்தையும் பொறுமையையும்தான்.

ஒரே பாட்டு, நூறு தடவை

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, தெருச் சத்தம் அடங்கிய பிறகுதான் இவர்களுடைய நாள் தொடங்குகிறது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு, அறை விளக்கைக் குறைத்துக்கொண்டு உட்காருவார்கள். போடுவது பெரும்பாலும் புதுப் பாட்டாக இருக்காது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமான பாட்டாகத்தான் இருக்கும். தெரிந்த பாட்டில்தான் ஸ்பீக்கரின் குணம் பிடிபடும்.

தமிழ்நாட்டு ஆர்வலர்களுக்கு அந்தப் பாட்டு பெரும்பாலும் இளையராஜாவுடையது. காரணம் பாசம் மட்டும் இல்லை. அவருடைய பல பாடல்களில் பேஸ் கிட்டார் மெட்டின் பின்னாலேயே போகாது. தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டு, குரலோடு பேசிக்கொண்டே போகும். அந்த வரியைத் தெளிவாகக் காட்டாத ஸ்பீக்கர் இவர்களிடம் தேறாது. 1978-ல் வந்த ‘பிரியா’, தமிழில் முதன்முதலாக ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான படம் என்று பெயர் பெற்றது. 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பை, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார் ராஜா. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் ஒலிக்கும் அந்தத் தொகுப்பைப் புது ஸ்பீக்கர் வந்த அன்றைக்குப் போட்டுப் பார்க்காதவர்கள் இந்த வட்டத்தில் குறைவு.

ஸ்டீரியோ என்ன செய்கிறது என்பதை ஒரு தடவை ஒழுங்காக அனுபவித்தால் போதும். இடது, வலது இரண்டு ஸ்பீக்கரிலும் குரலை ஒரே அளவில் கொடுத்தால், அது இரண்டுக்கும் நடுவே, ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து பாடும். இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் இருந்த ஆலன் ப்ளம்லைன் 1931-லேயே இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். தொண்ணூறு ஆண்டு தாண்டியும், நடுவெளியில் குரல் வந்து நிற்கும்போது புதிதாகக் கேட்பவர் எழுந்துபோய் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் செய்கிறார்.

பானை ஸ்பீக்கர் சொன்ன பாடம்

நம் ஊர் டீக்கடைகளிலும் சலூன்களிலும் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். பேஸ் ‘தும் தும்’ என்று வரும். அதில் இருப்பது சுத்தமான இயற்பியல். ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் சந்தித்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வெறும் ஸ்பீக்கரில் பேஸ் வராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். பானை பின்னலையைத் தனியே பிரித்துவிடுகிறது. பெட்டி செய்யும் முதல் வேலையும் அதுவே.

இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படை அமைப்பை, காந்தத்தின் நடுவே அசையும் காயிலோடு சேர்த்து, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸும் கெல்லாக்கும் 1925-ல் வகுத்துக் கொடுத்தார்கள். அப்புறம் முப்பது ஆண்டு, நல்ல பேஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டும் என்ற நிலை இருந்தது. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர், காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழமான பேஸை வரவழைத்தார். துளை வைத்த பெட்டிகளுக்கான கணக்கை, ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீல் 1961-ல் எழுதினார். ரிச்சர்ட் ஸ்மால் அதை எழுபதுகளில் விரிவாக்கினார். தாழ்ந்த ஒலிகளைக் கொடுக்கும் ஒரு வூஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி, துளை எவ்வளவு நீளம் என்பதை இவர்கள் வகுத்த அளவுகளை வைத்து இன்றைக்கு யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம்.

நம் ஆர்வலர்களும் போடுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் வூஃபரும், உயர்ந்த ஒலிகளுக்கான ட்வீட்டரும், ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவருக்கான காயிலும் கண்டென்சரும் வாங்கி, தெரிந்த ஆசாரியிடம் பலகை அறுத்து வாங்கி, தாங்களே பெட்டி செய்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு முதல் படிக்கட்டு ‘4440 போர்டு’. சான்யோ நிறுவனத்தின் எல்.ஏ.4440 ஆம்ப்ளிஃபயர் ஐ.சி., 12 வோல்ட் பேட்டரியில் ஓடி, பக்கத்துக்கு 6 வாட் கொடுக்கும். கிராமத்து ரேடியோ ரிப்பேர் கடையில் அதை சால்டர் பண்ணிப் பழகிய விரல்கள்தான் பின்னால் பெரிய ஆம்ப்ளிஃபயர்களையும் செய்தன.

ஃபோம் மாற்றும் ஞாயிற்றுக்கிழமை

கடற்கரை ஊர்களில் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நிரந்தர எதிரி ஈரப்பதம். கோனின் விளிம்பில் இருக்கும் ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து ஆண்டில் நொறுங்கிப் போகும். விரல் வைத்தால் மாவாக உதிரும். ரப்பர் விளிம்பு அதைவிட நீடிக்கும். பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த விளிம்பு.

நண்பர் ஒருவர் அதை மாற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வூஃபரைக் கழற்றி மேசை மேல் மல்லாத்தி வைத்து, பழைய ஃபோமின் பிசுக்கை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். அவசரப்பட்டால் காகிதக் கோன் கிழியும். நடுவிலிருக்கும் மூடியைப் பிளேடால் கீறி எடுத்து, வாய்ஸ் காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டுகளைச் சுற்றிலும் செருகினார். காயில் சரியாக மையத்தில் நிற்பதற்கு அந்த ஏற்பாடு. புது வளையத்துக்குப் பசை தடவி, கோனோடு ஒட்டி, அது காய்ந்ததும் சட்டத்தோடு ஒட்டினார். மறுநாள் ஃபிலிம் துண்டுகளை உருவிவிட்டு, நான்கு விரலால் கோனை மெல்ல அழுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை வைத்தோம். கரகரப்பு இல்லை. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய வூஃபர் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பாடும்.

வாங்கி வீசும் பழக்கம் பெருகிவிட்ட காலத்தில் இந்தப் பராமரிப்பு மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பழுதான கோனை மாற்றும் ரீகோனிங் வேலை தெரிந்த பழைய மெக்கானிக்குகள் ஊர் ஊருக்கு இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

அறையும் சேர்ந்து வாசிக்கிறது

புதிதாக வருகிறவர்கள் வயரையும் ஆம்ப்ளிஃபயரையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பழுத்தவர்கள் கையில் அளவு நாடா இருக்கும். 12 அடி நீள அறையில், சுவருக்கும் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ் ஒலி தேங்கி நிற்கும். அந்த ஒலி சுவரோரத்தில் வீங்கிக் கேட்கும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. நாற்காலியை மூன்றடி நகர்த்தினால் வேறு பாட்டு. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடிக் குளறும்.

அதனால்தான் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, ஒரு அங்குலம் முன்னே, ஒரு அங்குலம் பின்னே என்று மாதக்கணக்கில் நகர்த்துகிறார்கள். வெறும் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள நம் வீடுகளில் குரல் எதிரொலித்துக் கூசும். ஒரு ஜமுக்காளம், கனமான திரைச்சீலை, புத்தகம் நிறைந்த அலமாரி, இவை மூன்றும் செய்யும் மாற்றத்தை எந்த விலை உயர்ந்த வயரும் செய்ததாக நான் கேட்டதில்லை.

பெரிய பெட்டி இருந்தால்தான் நல்ல ஒலி என்பதும் இல்லை. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைப்பதற்காக எழுபதுகளில் பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ ஒரே ஒரு அடி உயரம். ஆழமான பேஸ் அதில் கிடையாது. ஆனால் மனிதக் குரலை மனிதக் குரலாகவே கொடுக்கும். ஐம்பது ஆண்டு கழித்தும் அதே வடிவத்தைச் செய்து விற்கிறார்கள். நம் சின்ன அறைகளில் கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு அப்படிப்பட்ட சிறிய ஸ்பீக்கர் தாராளமாகப் போதும்.

சத்தம் வேறு, தெளிவு வேறு

அடுக்ககத்தில் வாழ்கிறவருக்குப் பக்கத்து வீடு முக்கியம். தாழ்ந்த ஒலி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அதனால் பொறுப்புள்ள ஆர்வலர் மெதுவாகவே கேட்கிறார். மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்குப் பேஸ் குறைந்து தெரியும் என்பதை அமெரிக்காவில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னெஸ்’ பட்டன் வைத்தது அதை ஈடுகட்டத்தான்.

காதும் முக்கியம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை. போன செவித்திறன் திரும்பி வராது. திருவிழாக் குழாய் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

வாங்கப் போகிறீர்களா?

பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் பி.எம்.பி.ஓ. வாட் எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே வாட்டைத் துரத்த வேண்டாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று பாட்டைக் கடைக்குக் கொண்டுபோய், உட்கார்ந்து, முழுசாகக் கேளுங்கள். கேட்கவிடாத கடையில் வாங்காதீர்கள்.

அதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற ஸ்பீக்கருக்கே ஒரு வாய்ப்புக் கொடுங்கள். இரண்டையும் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, ட்வீட்டர் காது உயரத்துக்கு வருகிற மாதிரி வைத்து, இரண்டும் நீங்களும் முக்கோணமாக அமையும்படி உட்காருங்கள். வீட்டில் உள்ளவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு மணி நேரம் பேசாமல் கேளுங்கள். அப்படியும் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் பர்ஸை எடுங்கள்.