வளரிளம் பருவத்தினரின் மனநலம்: திட்டங்கள் ஏராளம், காதுகொடுத்துக் கேட்க ஆளில்லை!

புது தில்லி: நேற்றுவரை துள்ளித் திரிந்த மகன் அறைக்கதவைத் தாழிட்டுக் கொள்கிறான். நன்றாகப் படித்துவந்த மகள், பள்ளிக்குப் புறப்படும் வேளையில் நாள்தோறும் வயிற்றுவலி என்கிறாள். இந்த வயதில் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்பதே பெரும்பாலான வீடுகளில் சொல்லப்படும் தீர்ப்பு. பலருக்கு அது சரியாகியும் விடுகிறது. ஆனால், சரியாகாமல் போகும் பிள்ளைகளை அடையாளம் காண்பவர் யார் என்ற கேள்விக்கு இன்னமும் உரிய விடை கிடைக்கவில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 10 முதல் 19 வயது வரையிலானோர் ஏறத்தாழ 25 கோடி பேர். அதாவது ஐந்து இந்தியர்களில் ஒருவர். பெங்களூரில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் (நிமான்ஸ்), தமிழகம் உள்பட 12 மாநிலங்களில் 2015-16-ஆம் ஆண்டுகளில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. அதில், 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பது தெரியவந்தது. கிராமங்களைக் காட்டிலும் பெருநகரங்களில் இந்த விகிதம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. நாடு முழுவதும் சுமார் 98 லட்சம் பிள்ளைகளுக்கு உதவி தேவைப்படுவதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது.

மனச்சோர்வு, பதற்றம், வெளியே செல்வதில் அச்சம் ஆகியவை இந்த வயதினரிடையே காணப்படும் முக்கியப் பாதிப்புகள். சிலரிடம் இது கட்டுக்கடங்காத கோபமாகவும், பள்ளிக்குச் செல்லாமல் ஊர் சுற்றுவதாகவும், புகையிலை, மதுப் பழக்கமாகவும் வெளிப்படுகிறது. மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகள் முன்னதாகவே வேகமாக இயங்கத் தொடங்கிவிட, அவற்றைக் கட்டுப்படுத்திச் சீர்தூக்கும் முன்பகுதியோ இருபது வயதைக் கடந்த பிறகே முழு வளர்ச்சி பெறுகிறது. மனநலப் பாதிப்புகளில் பாதி 14 வயதுக்குள்ளாகவே தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்துள்ளது. அப்போதே கவனிக்கப்படாதவை, பெரியவர்களான பின்பும் தொடர்கின்றன.

எனினும், வீட்டிலும் பள்ளியிலும் இந்த அறிகுறிகளுக்குச் சூட்டப்படும் பெயர்கள் வேறு: சோம்பல், திமிர், படிக்காமலிருக்கச் சொல்லும் சாக்கு. சிகிச்சைக்குப் பதிலாகக் கண்டிப்பே கிடைக்கிறது. மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் ஊரார் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோரைத் தடுத்து நிறுத்துகிறது.

கோட்டா காட்டும் பாடம்

இதன் விலை பெரிது. தேசிய குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளின்படி, 2022-ஆம் ஆண்டில் 13,044 மாணவ, மாணவியரும், 2023-ஆம் ஆண்டில் 13,892 பேரும் தற்கொலை செய்து கொண்டனர். கல்லூரி மாணவர்களும் இந்தக் கணக்கில் அடங்குவர்.

பொறியியல், மருத்துவ நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையங்களுக்குப் பெயர்பெற்ற ராஜஸ்தானின் கோட்டா நகரில் மட்டும் 2023-ஆம் ஆண்டில் 25-க்கும் அதிகமான மாணவர்கள் உயிரை மாய்த்துக் கொண்டனர். இதைத் தொடர்ந்து, 16 வயதுக்கு உள்பட்டோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. விடுதி அறைகளில் பாதுகாப்புச் சாதனங்களைப் பொருத்த மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. ஆனால், வீட்டைவிட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், வாரத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே எடைபோடப்படும் சிறுவனின் தனிமைக்குச் சாதனங்கள் மருந்தாகிவிடாது.

விசாகப்பட்டினம் விடுதியில் தங்கி மருத்துவ நுழைவுத்தேர்வுக்குப் படித்து வந்த 17 வயது மாணவி 2023-ஆம் ஆண்டில் உயிரிழந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நாடு தழுவிய வழிகாட்டுதல்களை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து அமர்த்தக் கூடாது. பிறர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. உரிய சட்டம் இயற்றப்படும்வரை இவை சட்டமாகவே கருதப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கூடுதல் பணியா, தனிப் பணியா?

அரசுத் திட்டங்களுக்கும் குறைவில்லை. 2014 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவத்தினர் சுகாதாரத் திட்டம் மனநலத்தையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பள்ளி சுகாதாரத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக நியமிக்க வகை செய்தது. ஏற்கெனவே பாடம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு எனப் பல பொறுப்புகளைச் சுமக்கும் ஆசிரியரின் தோளில் இதுவும் ஏற்றப்பட்டது.

இது பலன் தருமா என்பதற்குப் பிகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் நடைபெற்ற ஆய்வு விடையளிக்கிறது. கோவாவைச் சேர்ந்த சங்கத் என்ற தொண்டு அமைப்பின் பங்களிப்புடன், 70-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 13 ஆயிரத்துக்கும் அதிகமான ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடையே அது மேற்கொள்ளப்பட்டது. சில பள்ளிகளில் இப்பணிக்கென்றே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் அமர்த்தப்பட்டார். வேறு சில பள்ளிகளில் அதே பணி ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர்கள் குறைகளை எழுதிப் போடப் பெட்டி, சுவர் இதழ், தனி ஆலோசனை என இரண்டிலும் ஒரே ஏற்பாடுதான்.

2018-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும், சக மாணவர்களின் சீண்டலும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. தில்லி அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்விலும், இத்தகைய ஆலோசகர்களின் துணையுடன் மாணவர்கள் தங்கள் பிரச்னைகளை எதிர்கொள்வதில் முன்னேற்றம் காணப்பட்டது.

நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நிலையில், இது நம்பிக்கையூட்டும் செய்தி. மருத்துவர்களை உருவாக்கப் பல ஆண்டுகள் தேவை. பள்ளிக்கு ஓர் ஆலோசகரைப் பயிற்றுவிக்கச் சில மாதங்களே போதும். தேவைப்படுவது அந்தப் பணியிடமும் அதற்கான ஊதியமும்தான். உச்ச நீதிமன்ற உத்தரவை, இருக்கும் ஆசிரியர் ஒருவருக்குப் புதிய பதவிப் பெயர் சூட்டி நிறைவேற்றினால், நாளந்தாவில் தோற்ற வழியையே நாடு முழுவதும் விரிவாக்கியதாகிவிடும்.

அதுவரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. தூக்கமின்மை, பசியின்மை, காரணமற்ற உடல்வலி, நண்பர்களைத் தவிர்த்தல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுவது நல்லது. சாவைப் பற்றிப் பேசினாலோ உடனடியாக உதவி நாட வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி-மானஸ்' சேவையில் 14416 என்ற எண்ணில் இரவு, பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் ஆலோசனை பெறலாம். பிள்ளை பேசத் தொடங்கும்போது அறிவுரையை ஒத்திவைத்துக் கேட்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.