விளக்கேற்றத் தோன்றாத நாட்கள்

திருச்சியிலிருந்து முசிறி செல்லும் சாலையில், காவிரிக் கரையில் அமைந்த திருத்தலம் குணசீலம். அங்கே செங்கோல் ஏந்தி அருள்பாலிக்கும் பிரசன்ன வேங்கடாசலபதியின் சந்நிதியில், மனம் கலங்கியவர்களின் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், அவர்கள் பெருமாளின் நிழலில் தங்குவது வழக்கம். பலர் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. அக்கோயிலைச் சார்ந்தே அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இயங்குகிறது. தீர்த்தமும் மருத்துவமும் அங்கே ஒன்றையொன்று விலக்குவதில்லை.

மனநோய் என்றதும் கூச்சலிட்டுத் திரிபவரையே உலகம் நினைக்கிறது. பெரும்பாலும் அது ஓசையின்றியே வரும். எந்த வயதில் வரும்? அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பதற்ற நோய் கண்டவர்களில் பாதிப்பேருக்கு அது 11 வயதுக்குள்ளேயே தொடங்கியிருந்தது. மனச்சோர்வு முதலியவற்றுக்கு அந்த வயது 30. பள்ளிக்குக் கிளம்பும் வேளையில் மட்டும் வயிற்றுவலி என்று அழும் பேரனை வீட்டுப் பெரியவர்கள் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

முதுமையிலும் இந்நோய் புதிதாகத் தொடங்கலாம். வாழ்க்கைத் துணையின் மறைவு, தனிமை, செவித்திறன் குறைதல், பக்கவாதம், தைராய்டு குறைபாடு, ஏன், வேறு நோய்க்கு உண்ணும் சில மருந்துகள்கூடக் காரணமாகலாம். முதியவர் பலர் 'மனம் சரியில்லை' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. உடம்பு வலிக்கிறது, பசி இல்லை, மூன்று மணிக்கே விழித்துவிடுகிறேன் என்பார்கள். நாற்பது ஆண்டுகள் தவறாமல் சஹஸ்ரநாமம் பாராயணம் செய்தவருக்குப் புத்தகத்தைத் தொடத் தோன்றாது. மாலையில் விளக்கேற்றக் கை எழாது. 'பக்தி போய்விட்டதே, என்ன பாவம் செய்தேனோ' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். அந்தக் குற்ற உணர்வே நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அர்ஜுன விஷாத யோகம் என்றே பெயர். சாரதியாகக் கண்ணன் அருகிலிருந்தும் அர்ஜுனனுக்கு உடல் நடுங்கிற்று, வாய் உலர்ந்தது, காண்டீபம் கைநழுவியது.

'பெருமாள் சீக்கிரம் அழைத்துக்கொள்ள மாட்டாரா' என்று பாட்டி சொன்னால் வீட்டார் அதை வைராக்கியம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். சில நேரங்களில் அது வைராக்கியம்தான். ஆனால், உணவையும் உறக்கத்தையும் இழந்தவர் நாள்தோறும் அதையே சொல்வாரானால் அருகில் அமர்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேட்க வேண்டும். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தோன்றுகிறது என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றபடி, இரண்டு வாரங்களுக்குமேல் சோர்வு நீடித்தால் மருத்துவரைக் காணலாம். தைராய்டு, பி12 ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை பல வேளைகளில் உதவும். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே 'பயனில்லை' என்று நிறுத்துவோர் ஏராளம். கடையில் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி உண்பது முதியோருக்கு ஆபத்து; தடுமாறி விழ நேரிடும். வெளியே செல்ல இயலாதவர்கள் 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில், இரவானாலும் பகலானாலும், தமிழிலேயே பேசலாம்.